அம்போசெலியில் காட்டு யானை பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கென்யாவின் தெற்கு எல்லையில், கிளிமஞ்சாரோ மலையின் அடியில் இருக்கிறது அம்போசெலி தேசியப் பூங்கா. இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் யானைக்காகவே. திரும்பி வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகளையும், கிளம்புவதற்கு முன் நானே பதில் தேடி அலைந்த கேள்விகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். இவ்வளவு நீளமாக எழுதினாலும் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இருபது கூட்டங்களைத் துரத்தித் துரத்திப் பார்ப்பதைவிட, ஒரே கூட்டத்தோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.

மசாய் மாரா, சாவோ எல்லாம் இருக்கும்போது யானைக்கு ஏன் அம்போசெலி?

சிங்கமும் சிறுத்தையும் வேண்டுமென்றால் மாராவுக்குப் போங்கள். எண்ணிக்கை என்று பார்த்தால் கென்யாவில் சாவோவில்தான் யானைகள் அதிகம். செம்மண் புழுதியில் புரண்டு புரண்டு செங்கல் நிறத்தில் நிற்கும். ஆனால் சாவோவின் கிழக்கு, மேற்குப் பூங்காக்கள் இரண்டும் சேர்ந்து 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். முள்புதர் வேறு. யானை இருக்கும், கண்ணில் படவேண்டுமே.

அம்போசெலி வெறும் 392 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி திறந்த வெளி, தட்டையான நிலம். சுற்றிலும் மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் மொழியில் புழுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது என்கிறார்கள். மழை மிகக் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் நடுவே வருடம் முழுக்க வற்றாத சதுப்பு நிலங்கள் இருக்கின்றன. கிளிமஞ்சாரோவின் சரிவில் இருக்கும் காடுகளில் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியிலேயே நடந்து வந்து, இங்கே ஊற்றாக வெளியே வருகிறது. எங்கோ மலையில் பெய்த மழையை நம்பித்தான் இந்த யானைகள் வாழ்கின்றன. சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்கும்போது அவை எங்கே வரும் என்று யாரும் தேட வேண்டியதில்லை, சதுப்புக்குத்தான் வரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உலகத்திலேயே மிக நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டுவரும் காட்டு யானைகள் இவைதான். சிந்தியா மோஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1972-ல் இங்கே ஆய்வைத் தொடங்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு யானைக்கும் பெயர் வைத்து, அதன் தாய் யார், பிள்ளை யார், எப்போது பிறந்தது, எப்போது செத்தது என்று எழுதிவருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சந்ததி தெரிந்த காட்டு யானைகள் என்பது சாதாரண விஷயமில்லை.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் அக்டோபர் வரை, அல்லது ஜனவரி, பிப்ரவரி. இரண்டும் வறண்ட காலம். புல் காய்ந்து, வெளியில் தண்ணீர் இல்லாததால் யானைகள் சதுப்பை விட்டு அதிகம் விலகாது. மார்ச் கடைசியிலிருந்து மே வரை நீண்ட மழைக்காலம். சாலைகள் சேறாகும், யானைகளும் வெளியே பரவிவிடும். நவம்பர், டிசம்பரில் சின்ன மழைக்காலம்.

மழை முடிந்த கையோடு போனால் வேறொரு லாபம் உண்டு. பச்சை நன்றாக இருக்கும்போது பல குடும்பங்கள் ஒன்றுகூடி நூறு, இருநூறு என்று பெரும் கூட்டமாக நடமாடும். புழுதியும் அடங்கியிருக்கும், மலையும் தெளிவாகத் தெரியும். முதல் முறை போகிறவர்களுக்கு ஜூன், ஜூலையைத்தான் சொல்வேன்.

ஒரு நாளில் எந்த நேரம் நல்லது?

வழக்கமான சஃபாரியில் விடியற்காலை ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, நடுவில் சாப்பாடு, தூக்கம். சிங்கத்துக்கு அது சரி. அம்போசெலி யானையின் நேரக்கணக்கு வேறு.

பெரும்பாலான யானைகள் இரவில் பூங்காவுக்கு வெளியே, சுற்றியிருக்கும் மரக்காடுகளிலும் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலத்திலும் தங்குகின்றன. விடிந்ததும் வரிசை கட்டி சதுப்பை நோக்கி நடக்கும். பகல் முழுக்கத் தண்ணீரில் நின்று புல் தின்னும். பொழுது சாயும் நேரத்தில் வந்த வழியே திரும்பும். வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புவது மாதிரிதான். ஆகவே காலை எட்டிலிருந்து பத்து வரையிலும், மாலை நாலரைக்கு மேலும் அவை சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றால் போதும்.

ஒரு காலையைச் சொல்கிறேன். எட்டரை மணி இருக்கும். தொலைவில் முதலில் தெரிந்தது புழுதி மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அதற்குள் கறுப்புக் கறுப்பாக வரிசை தெரிந்தது. எங்கள் டிரைவர் சட்டென்று எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாதீர்கள் என்று கையால் சைகை காட்டினார். முன்னால் வந்த மூத்த பிடியின் வலது காதின் கீழ்விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு கிழிசல். சாலை ஓரத்துக்கு வந்ததும் நின்றது. தும்பிக்கை நுனியைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பி மோந்தது. பின்னால் வந்த பதினொரு யானைகளும் அப்படியே நின்றன. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு அது ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்தது, அவ்வளவுதான், எல்லாம் நடக்க ஆரம்பித்தன. வண்டிக்கு முன்னால் பத்தடி தூரத்தில் போகின்றன, காலடிச் சத்தமே இல்லை. பாதத்துக்குள் மெத்தை மாதிரி கொழுப்புத் திசு இருப்பதால் அப்படி. தோலோடு தோல் உரசும் சத்தமும், ஒரு குட்டி மூக்கைச் சீந்திய சத்தமும்தான் கேட்டன.

மதியத்தையும் வீணாக்காதீர்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது எங்கோங்கோ நாரோக் சதுப்பில் வயிறு வரை தண்ணீரில் நிற்கும் யானைகளைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். முதுகு பாதி ஈரமாகக் கறுப்பு, பாதி காய்ந்து சாம்பல் நிறம். மேலே வெள்ளைக் கொக்குகள் உட்கார்ந்திருக்கும்.

நம்மூர் யானைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முதலில் கண்ணில் படுவது காது. நம் யானையின் காதைவிட மிகப் பெரியது, தோளையே மூடிவிடும். முதுகைப் பாருங்கள். ஆசிய யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், ஆப்பிரிக்க யானைக்கு நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். நம் யானையின் தலையில் இரண்டு மேடுகள் இருக்கும், இதற்கு ஒரே மேடு. தும்பிக்கை நுனியில் நம் யானைக்கு ஒரு விரல், இதற்கு மேலும் கீழுமாக இரண்டு. ஒற்றைப் புல்லைக்கூட அந்த இரண்டு விரலால் கிள்ளி எடுப்பதைப் பார்க்கலாம்.

உடம்பும் பெரியது. வளர்ந்த ஆண் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன் வரை எடை. முதுமலையில் யானை பார்த்துப் பழகியவர்கள்கூட முதல் ஆண் யானை வண்டிப் பக்கம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

தந்தம் இருந்தால் ஆண்தானே?

இல்லை. நம்மில் எல்லாருக்கும் ஏற்படும் குழப்பம் இது. நம் யானைகளில் ஆணுக்குத்தான் வெளியே தெரியும் தந்தம். தந்தமில்லாத ஆணை மக்னா என்று தனியாகச் சொல்கிறோம். இலங்கையில் ஆணுக்கே தந்தம் அபூர்வம். ஆப்பிரிக்காவில் பெண்ணுக்கும் நல்ல நீளத் தந்தம் உண்டு. முதல் நாள் நான் "கொம்பன், கொம்பன்" என்று காட்டியதெல்லாம் பெண் யானைகள்.

நெற்றியைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது பெண்ணின் நெற்றி மடித்த மாதிரி கோணமாக இறங்கும். ஆணின் நெற்றி உருண்டு வழுக்கையாக இறங்கும். ஆணின் தந்தம் அடியில் தடியாக இருக்கும், பெண்ணுடையது மெல்லியது. பெண்ணுக்கு முன்கால்களுக்கு நடுவில் மார்பு தெரியும், பால் கொடுக்கும் தாய் என்றால் நன்றாகவே தெரியும். அப்புறம், கன்றுகளோடு கூட்டமாக இருந்தால் பெரியவை எல்லாம் பெரும்பாலும் பெண்களே. ஆண்கள் பன்னிரண்டு, பதினான்கு வயதை ஒட்டிக் குடும்பத்தை விட்டுப் போய்விடும்.

கன்னத்தில் நீர் ஒழுகுகிறதே, மதம் பிடித்திருக்கிறதா? பயப்பட வேண்டுமா?

கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரக்கோடு தெரிந்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கும். மதநீர் என்ற சொல்லோடே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும், ஏன், கன்றுக்கும்கூட அந்த இடத்தில் நீர் வடியும். உறவுக்காரக் கூட்டத்தைச் சந்தித்த மகிழ்ச்சியில், பயத்தில், பரபரப்பில் எல்லாம் வடியும். அது மதமில்லை.

ஆப்பிரிக்க ஆண் யானைக்கு மதம் வரும் என்பதையே அறிவியல் உலகம் வெகு காலம் ஒப்புக்கொள்ளவில்லை. அது ஆசிய யானைக்கு மட்டும் உரியது என்றுதான் நினைத்திருந்தார்கள். அம்போசெலியில் ஜாய்ஸ் பூல் என்ற ஆய்வாளரும் சிந்தியா மோஸும் ஆண் யானைகளைத் தொடர்ந்து கவனித்து, 1981-ல் அதை உறுதிசெய்து எழுதினார்கள். சிறுநீர் விடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, முதலில் ஏதோ நோய் என்றே நினைத்தார்களாம்.

உண்மையான மதத்தை இப்படி அடையாளம் காணலாம். ஆண் யானை. கன்னத்துச் சுரப்பி வீங்கி, நீர் தாடை வரை வழியும். பின்னங்காலின் உட்பக்கம் சிறுநீர் சொட்டி நனைந்திருக்கும். தலையைத் தூக்கி, முகவாயை உள்ளே இழுத்து, நேரே எங்கோ போக வேண்டியது மாதிரி நடக்கும். வாடை காற்றில் தூரத்திலிருந்தே வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் டிரைவர் தானாகவே வண்டியைப் பின்னால் எடுப்பார். இன்னும் கொஞ்சம் பக்கம் போங்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஒரே கூட்டத்தோடு நில் என்கிறீர்கள். நின்று என்னத்தைப் பார்ப்பது?

முதல் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த வண்டி எங்கேயும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. போட்டோ எடுத்தாயிற்றா, கிளம்பு. அன்று மாலைக்குள் நூற்றுக்கும் மேல் யானை பார்த்தோம். இன்று நினைத்துப் பார்த்தால் ஒரு யானையின் முகம்கூட நினைவில் இல்லை. இரண்டாவது முறை வண்டி பேசும்போதே சொல்லிவிட்டேன், எங்களுக்குப் பட்டியல் வேண்டாம், நேரம் வேண்டும் என்று.

நின்றால் முதலில் குடும்பம் புரியும். பாட்டி, அதன் மகள்கள், பேத்திகள், அவற்றின் கன்றுகள். பாட்டி எப்போதும் முன்னால் நடக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஏதாவது சந்தேகம் வந்தால் எல்லாம் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். வயதான தலைவி இருக்கும் குடும்பம், பழக்கமில்லாத யானையின் குரலைச் சரியாக இனம் காண்கிறது என்பதை இதே யானைகளிடம் செய்த ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய பஞ்சத்தில் எங்கே தண்ணீர் கிடைத்தது என்பது தெரிந்த தலை அது. தந்தத்துக்காகப் பெரிய பிடியைச் சுட்டால் ஒரு யானை மட்டும் சாவதில்லை.

எக்கோ என்ற பெயரில் ஒரு தலைவி இருந்தது. 1990-ல் அதற்குப் பிறந்த ஆண் கன்றின் முன்கால்கள் மடங்கியிருந்தன, நிற்க முடியவில்லை, பால் குடிக்க எட்டவில்லை. குடும்பத்தில் மற்றவை மேய நகர்ந்தாலும் எக்கோவும், மகள் ஈனிடும் அந்தக் கன்றை விட்டு நகரவில்லை. மூன்றாவது நாள் கால் நிமிர்ந்து அது நடந்தது. ஈலை என்று பெயர் வைத்தார்கள். ஒரே குடும்பத்தின் பெயர்கள் எல்லாம் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கும்படி வைப்பது அங்கே வழக்கம். எக்கோ 2009-ல், பெரும் வறட்சி நடந்த ஆண்டில், அறுபது வயதைத் தாண்டி இறந்தது.

அடுத்து கன்றுகள். ஒரு வயதுக்குட்பட்ட கன்று தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்து நிற்கும், வயது கணிக்க இது நல்ல வழி. சில மாதக் கன்றுக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியாது. சதுப்பின் கரையில் ஒரு குட்டியைப் பார்த்தேன். பக்கத்தில் தாய் தும்பிக்கையால் உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொள்கிறது. இதுவும் தும்பிக்கையைத் தண்ணீரில் விட்டுச் சுழற்றுகிறது, தூக்குகிறது, எல்லாம் வழியிலேயே கொட்டிவிடுகிறது. மூன்று தடவை முயன்றுவிட்டு, முன்கால் இரண்டையும் மண்டியிட்டு, தும்பிக்கையை ஒரு பக்கமாக ஒதுக்கி, வாயை நேரே தண்ணீரில் வைத்துக் குடித்தது. பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு இளம்பிடி பின்னாலேயே நின்று, அது வழுக்கி விழாதபடி காலால் அணை கொடுத்துக்கொண்டிருந்தது. குட்டி பார்த்துக்கொள்வதற்கென்று எல்லாக் குடும்பத்திலும் இப்படி அக்காமார் உண்டு.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த நிலத்தில் மேயும் யானை, முன்கால் நகத்தால் புல்லின் வேரை உதைத்து அறுத்து, பிடுங்கிய கொத்தை முழங்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் போடும். சரக், பட், பட். அமைதியான காலையில் இந்த ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நடுநடுவே அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வரும். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியும் அதில் கலந்திருக்கிறது, கிலோமீட்டர் கணக்கில் போய்ச் சேரும். யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைப்பது போலத் தனித்தனிக் குரலில் கூப்பிடுகின்றன என்று, அம்போசெலியிலும் வட கென்யாவின் சம்புருவிலும் பதிவுசெய்த ஒலிகளை வைத்து 2024-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த பிறகு அந்த உறுமலை வெறும் சத்தமாகக் கேட்க என்னால் முடியவில்லை.

யானை வண்டியை முட்டாதா?

அம்போசெலி யானைகள் பிறந்ததிலிருந்து வண்டியைப் பார்க்கின்றன. தொந்தரவு செய்யாவிட்டால் கண்டுகொள்ளாது. ஆனாலும் காட்டு யானை காட்டு யானைதான். நிமிர்ந்து நின்று காதை விரித்துத் தலையை உலுக்கினால் "போதும், நில்" என்கிறது என்று பொருள். முன்காலை ஆட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்கினால் அதற்கு மனசு சரியில்லை. காது விரித்துப் பிளிறிக்கொண்டு ஓடிவந்து பாதியில் நிற்பது பெரும்பாலும் மிரட்டல். சத்தமில்லாமல், தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தும்பிக்கையைச் சுருட்டி வருவது மிரட்டல் இல்லை.

தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் வண்டி நிற்கக் கூடாது. போகும் வழியை அடைக்கக் கூடாது. கத்துவது, விசிலடிப்பது, கதவைத் தட்டுவது, பழம் வீசுவது எதுவும் கூடாது. அது நம்மிடம் வந்தால் அது அதன் விருப்பம்.

இறங்கி நின்று படம் எடுக்கலாமா?

கூடாது. அப்சர்வேஷன் ஹில் என்ற சின்னக் குன்றில் மட்டும் இறங்கி மேலே ஏறலாம். அங்கிருந்து சதுப்பு முழுவதும் தெரியும், யானைகள் எறும்பு மாதிரி ஊர்வது தெரியும். கட்டாயம் ஏறுங்கள். சாலையை விட்டு வண்டியை இறக்குவதற்கும் அனுமதி இல்லை. டிரைவருக்குக் கூடுதலாகக் காசு கொடுத்து இறக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அபராதம் கட்டப்போவது அவர், அதோடு அந்த உவர்மண்ணில் டயர் தடம் பதிந்தால் எளிதில் மறையாது.

எப்படிப் போவது, எத்தனை நாள் வேண்டும்?

நைரோபியிலிருந்து மொம்பாசா நெடுஞ்சாலையில் எமாலி வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். நான்கைந்து மணி நேரம். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானமும் உண்டு, முக்கால் மணி நேரப் பயணம், காசு அதிகம். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், முடிந்தால் மூன்று. போன அன்றே திரும்புவது வேண்டாம், யானைகள் நடக்கும் காலை நேரமும் மாலை நேரமும் சாலையிலேயே போய்விடும்.

மேற்கூரை திறக்கும் லேண்ட் குரூசர் நல்லது. வேனில் ஏழு பேரோடு போனால் செலவு குறையும், ஆனால் மற்றவர்களுக்கும் நின்று பார்க்கும் பொறுமை இருக்க வேண்டும். முன்பே பேசிக்கொள்ளுங்கள். செலவின் பெரும்பகுதி வண்டிக்கும், பூங்கா நுழைவுக் கட்டணத்துக்கும், தங்குமிடத்துக்கும் போகும். பூங்கா வாசலுக்கு வெளியே இருக்கும் எளிய கேம்ப்களில் தங்கினால் கணிசமாக மிச்சமாகும். கட்டணம் ஆன்லைனில்தான், ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி. பதிவுசெய்யும் அன்றைக்கு என்ன தொகையோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜனவரியிலிருந்து கென்யாவில் பழைய விசா முறை இல்லை. அதற்குப் பதில் ஆன்லைனில் மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி உண்மையிலேயே தேவையா?

ஆமாம். இதில் விளையாட வேண்டாம். பலரும் கென்யாவுக்குள் நுழையத்தான் என்று நினைக்கிறார்கள், உண்மையான சிக்கல் ஊர் திரும்பும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. அங்கிருந்து செல்லத்தக்க சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் வந்திறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள், முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மலேரியா மாத்திரை பற்றியும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். குஜராத்தி மக்கள் தலைமுறைகளாக வாழும் நாடு அது. சப்பாத்தி அங்கே அன்றாட உணவு, பேரே சப்பாத்திதான். அவரை வகைகளும், சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும் எங்கும் உண்டு.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கொரு பைனாகுலர். இதில் பங்கு போட்டுக்கொள்வது சரிவராது. விடியற்காலை குளிரும், பூங்கா இருப்பதே ஆயிரம் மீட்டருக்கு மேல், ஸ்வெட்டர் வேண்டும். புழுதிக்கு ஒரு பருத்தித் துண்டு, கேமராவை மூட ஒரு தலையணை உறை. கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2020 முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தடை. துணிப்பையும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலும் போதும்.

பெரிய தந்த யானைகள் இன்னும் இருக்கின்றனவா?

மிகச் சில. ஒவ்வொரு தந்தமும் 45 கிலோவுக்கு மேல் இருக்கும் ஆண்களை அங்கே தனியாக மதிக்கிறார்கள். டிம் என்ற ஆண் யானை அப்படிப் பேர் பெற்றது, தந்தம் தரையைத் தொடும். 2020 பிப்ரவரியில், ஐம்பது வயதில், இயற்கையாகவே இறந்தது. இவ்வளவு பெரிய தந்தத்தோடு ஒரு யானை தன் ஆயுளை முழுதாக வாழ்ந்து முடித்ததே அங்கே கொண்டாட்டமான செய்தி.

காரணம் வரலாறு. 1970-களின் தொடக்கத்தில் கென்யாவில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் யானைகள் இருந்தன. 1989-ல் இருபதாயிரம்கூட இல்லை. எல்லாம் தந்தத்துக்காக. அந்த ஆண்டு அதிபர் டேனியல் அரப் மோய் 12 டன் தந்தத்தை நைரோபியில் தீயிட்டார், உலக அளவில் தந்த வணிகத்துக்குத் தடையும் அதே ஆண்டு வந்தது. 2016-ல் மறுபடியும் 105 டன்னை எரித்தார்கள். 2021 கணக்கெடுப்பில் நாட்டில் 36,280 யானைகள்.

மனம் கனக்கும் செய்தியும் உண்டு. யானைக்கு எல்லைக்கோடு தெரியாது. அம்போசெலி ஆண்கள் தான்சானியப் பக்கமும் போய் மேயும். அங்கே உரிமம் பெற்ற வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எல்லையை ஒட்டிய பகுதியில் முப்பது ஆண்டுகளாக இந்த யானைகளைச் சுடாமல் இருந்தார்கள். 2023 செப்டம்பரில் அது உடைந்தது, அடுத்த சில மாதங்களில் அம்போசெலியைச் சேர்ந்த பெரிய தந்த ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. வண்டியைக் கண்டு ஓடாமல் நிற்கப் பழகிய யானைகள் அவை. எனக்கு இதை எழுதவே கை வரவில்லை.

மசாய் மக்களுக்கும் யானைக்கும் உறவு எப்படி?

எளிமையானது இல்லை. பூங்கா சின்னது, யானைகள் நடமாடும் நிலத்தில் பெரும்பகுதி மசாய் மக்களுடையது. மாடும் யானையும் ஒரே தண்ணீருக்கு வருகின்றன. ஆள் சாவதுண்டு, பதிலுக்கு ஈட்டி பாய்வதும் உண்டு. மசாய் உடுத்திய துணியின் வாடையை அடையாளம் கண்டு யானைகள் பயந்து விலகுகின்றன, அவர்கள் அணியும் சிவப்புத் துணியைக் கண்டால் சீறுகின்றன என்று 2007-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மசாய் ஆணின் குரல் எது, பக்கத்துக் கம்பா இனத்து ஆணின் குரல் எது என்றுகூட அவற்றுக்குத் தெரியும்.

ஆனாலும் தந்த வேட்டை உச்சத்தில் இருந்த காலத்தில் அம்போசெலி ஓரளவு தப்பியதற்கு, வெளியாரை உள்ளே நடமாட விடாத மசாய் மக்களும் காரணம். இன்று பயமுறுத்துவது வேலி. நிலம் துண்டு துண்டாகப் பிரிந்து, கிமானா பக்கம் தக்காளித் தோட்டமும் மின்வேலியும் வந்துவிட்டன. இரவு தங்கப் போகும் வழி அடைபட்டால் இந்த யானைகளுக்குப் பூங்கா மட்டும் போதாது. வழித்தடத்துக்கு நிலத்தை விட்டுவைக்கும் மசாய் குடும்பங்களுக்குக் குத்தகை கொடுக்கும் தங்குமிடங்கள் இருக்கின்றன. பதிவுசெய்யும்போது அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஆறேழு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் குறைந்தவர்கள் வண்டிக்குள் மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். நைரோபியில் ஒரு நாள் இருந்தால் ஷெல்ட்ரிக் அனாதை யானைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போங்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் குட்டிகளைப் பார்க்கலாம், முன்பதிவு வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் குட்டிகளைப் பார்த்த பிறகு, காட்டில் தாயோடு நிற்கும் குட்டியைப் பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

கடைசி நாள் மாலை எங்கே நிற்பது?

சதுப்பிலிருந்து யானைகள் வெளியேறும் சாலையில், கிளிமஞ்சாரோ பின்னணியில் வரும்படி வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். பகலெல்லாம் மேகம் மூடியிருக்கும் மலை பெரும்பாலும் ஐந்து மணிக்கு மேல்தான் திறக்கும், சில நாள் திறக்காமலே போகும். யானைகள் எப்படியும் வரும். வயிறு வரை கறுப்புச் சேறு காலுறை மாட்டியது மாதிரி காய்ந்திருக்கும். கன்றுகள் களைத்து, தாயின் வாலை ஒட்டியே நடக்கும். வாசல் ஆறு மணி அளவில் மூடிவிடும் என்பதால் டிரைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார். அவர் கிளம்பலாம் என்று சொல்லும் வரை எஞ்சினைப் போடச் சொல்லாதீர்கள்.